வோல்டேஜ் இழப்பு: பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் ஏன் எடுப்பதில்லை?

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது. சரி, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டியதும் வண்டி உடனே கிளம்பிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து மறுபடியும் அதே ‘டக்’.

இது மிகப் பரவலாக நடக்கும் வீண்செலவு. பல வண்டிகளில் பழைய பேட்டரியில் குறையே இருந்திருக்காது. பேட்டரியை மாற்றும்போது அதன் முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பைக் கழற்றி, தேய்த்து, மீண்டும் இறுக்கியதால்தான் வண்டி கிளம்பியது. புதுப் பேட்டரியால் அல்ல. குறை இருந்தது பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழியில். அந்தக் குறைக்குப் பெயர்தான் வோல்டேஜ் இழப்பு. பேட்டரி பராமரிப்புக்கும், சொந்தமாக வயரிங் செய்வதற்கும் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த வயரும் எந்த இணைப்பும் கரண்டைக் கொஞ்சமாவது தடுக்கும். அந்தத் தடையைத் தாண்டிப் போகும்போது வோல்டேஜில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடும். எவ்வளவு செலவாகும் என்பதற்கு ஓம் விதி நேரடியான கணக்கு தருகிறது: ஓடும் ஆம்பியரைத் தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். கிளாம்ப்புக்கும் பேட்டரியின் ஈய முனைக்கும் நடுவே வெள்ளைப் பொடி படிந்து 0.01 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். கையில் இருக்கும் சாதாரண மீட்டரால் அளக்கக்கூட முடியாத அளவு சிறிய தடை அது. உள்விளக்கும் ரேடியோவும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால், அங்கே இழப்பு 0.05 வோல்ட் மட்டுமே. யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அப்போது அதே இடத்தில் 1.5 வோல்ட் போய்விடும். செல்ஃப் இழுக்கும் வேகத்தில் பேட்டரியே 10.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில், இதையும் கழித்தால் மோட்டாருக்குச் சேர்வது 9 வோல்ட்தான். எஞ்சின் சோம்பலாகச் சுற்றும், அல்லது சுற்றவே சுற்றாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1.5 வோல்ட்டையும் 150 ஆம்பியரையும் பெருக்கினால் 225 வாட். அவ்வளவும் அந்தச் சிறிய இடத்தில் சூடாக மாறுகிறது. சில விநாடிகள் செல்ஃப் அடித்த பிறகு ஒரு கிளாம்ப் மட்டும் தொட முடியாமல் சுட்டால், மீட்டர் இல்லாமலே குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

மீட்டர் ஏன் 12.6 காட்டியது? மல்டிமீட்டர் தன் வழியாகக் கரண்டை ஏறக்குறைய ஓடவிடுவதே இல்லை. கரண்ட் ஓடாத இடத்தில் இழப்பும் இல்லை. இருபது இழைகள் உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும், மறுமுனையில் மீட்டர் முழு வோல்டேஜையே காட்டும். அதில் ஒரு ஹெட்லைட்டை மாட்டினால் மினுக்மினுக்கென்று எரியும். அதனால் வண்டி வயரிங்கில் சும்மா எடுத்த அளவை நம்பக் கூடாது. சுமை, அதாவது கரண்ட் இழுக்கும் கருவி, ஓடும்போது எடுத்த அளவே அளவு. இது நினைவில் இருந்தால் போதும், மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

முதலில் பேட்டரியைக் குற்றத்திலிருந்து விடுவியுங்கள்

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த மூடிய பேட்டரி) இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஓட்டி வந்த உடனே அளந்தால் 13-க்கு அருகே காட்டி ஏமாற்றும். அது தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் தற்காலிக சார்ஜ். இரண்டு மூன்று நிமிடம் ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு அளந்தால் உண்மை நிலவரம் தெரியும்.

அடுத்தது சுமைச் சோதனை. மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே அழுத்திப் பிடியுங்கள். மீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருக்கக் கூடாது. அப்படிப் பேட்டரியில் வைத்தால் மீட்டருக்குள் ஷார்ட் ஆகி, ஃபியூஸோ மீட்டரோ போகும். இப்போது இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி, மிதமான வெப்பநிலையில், 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரியின் மேல் சந்தேகப்படலாம். 10.5, 11 என்று நின்றும் எஞ்சின் சோம்பினால், பேட்டரி தன் வேலையைச் செய்கிறது. வழியில்தான் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது.

பேட்டரி 12.2-க்கும் குறைவாக இருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். பாதி சார்ஜ் பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் எந்தச் சோதனையும் தவறான இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

இழப்பை அளக்கும் முறை

கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கில், கைப்பிரேக் போட்டு, எஞ்சின் கிளம்பாமல் செல்ஃப் மட்டும் சுற்றும்படி பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். எது அந்த ஃபியூஸ் என்பது ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் மீட்டர் வயர் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்.

வழக்கமாக மீட்டரின் ஒரு முனையைப் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் வைப்போம். இங்கே அப்படி இல்லை. இரண்டு முனைகளையும் ஒரே வழியின் இரண்டு எல்லைகளில் வைக்க வேண்டும். சிவப்பு, பேட்டரியின் பிளஸ் ஈய முனையில். கறுப்பு, செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளின் போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது அந்த வழி முழுக்கத் தொலையும் வோல்ட். 0.5-க்குள் இருந்தால் சரி. பிறகு எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி: சிவப்பு, எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், கறுப்பு, பேட்டரியின் மைனஸ் ஈய முனையில். இங்கே 0.2 வரை பொறுக்கலாம்.

அதிகமாக இருந்தால் வழியைத் துண்டு துண்டாக அளந்து வாருங்கள். ஈய முனையில் ஒன்று, அதன் மேலேயே இருக்கும் கிளாம்ப்பில் மற்றொன்று. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள். நியாயமாக ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1-க்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்ற வேண்டும். அதனால்தான் முனைகளை ஈயத்திலேயே வையுங்கள், கிளாம்ப்பில் வைக்காதீர்கள் என்று சொல்வது. கிளாம்ப்பில் வைத்து அளப்பவருக்கு, எல்லாவற்றிலும் அடிக்கடி கெடும் அந்த இணைப்பே கணக்கில் வராமல் போய்விடும்.

எர்த் பக்கத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை. போகும் கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் அதுவும் பிளஸ் கேபிளுக்குச் சமமான முக்கியம் உள்ளது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் நிற்பதால், பாடியோடு அதை இணைப்பது பின்னல் போன்ற ஓர் எர்த் ஸ்ட்ராப் மட்டுமே. அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால் கரண்ட் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்றவற்றின் வழியாகத் திரும்ப முயன்று அவற்றைச் சுட வைத்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து மினுங்குவது, பிரேக் மிதித்தால் பார்க் விளக்கு மங்குவது போன்ற விசித்திரங்களுக்கு அந்த விளக்குகளின் எர்த்தே பெரும்பாலும் காரணம்.

சார்ஜ் பக்கத்தையும் இதே முறையில் பாருங்கள். எடுத்த ஃபியூஸை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டுக்கும் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.3-க்கு மேல் போகக் கூடாது. ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் தந்தும் பேட்டரிக்கு 13.5 தான் சேர்ந்தால், பேட்டரி நிறையாமலே நாட்கள் போகும். குறைந்த சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப் பெரிதாகும். பிறகு அவை சார்ஜுக்குக் கரையாது. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பேட்டரி சீக்கிரம் செத்துவிட்டது என்று சொல்லப்படும் பல நேரங்களில், பட்டினி போட்டுச் சாகடித்தது இந்த வழி இழப்புதான்.

டெர்மினலைச் சுத்தம் செய்வது

மோதிரம், கடிகாரம், சங்கிலி கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடி, கையுறை அவசியம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்; காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். ஆகவே சார்ஜரில் போட்டிருக்கும்போதோ, இப்போதுதான் எடுத்தபோதோ கிளாம்ப்பில் கை வைக்காதீர்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் எளிது. வண்டியின் பாடி முழுக்க மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். மைனஸைக் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் பொடி படிந்த இடத்தில் தேயுங்கள். நுரைப்பது நிற்கும்வரை செய்து, சுத்தமான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பேட்டரி மூடிகளின் துளைக்குள் சோடா நீர் இறங்கவே கூடாது; உள்ளே இருக்கும் அமிலத்தைக் கெடுத்துவிடும். பிறகு கிளாம்ப்பின் உட்பக்கமும் ஈய முனையின் வெளிப்பக்கமும் பளபளக்கும்வரை கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். வெளியே பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தும் உள்ளே கறுத்திருக்கும் கிளாம்ப்புகள்தான் அதிகம். மாட்டி, கையால் திருகினால் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஈயம் மென்மையானது, பலத்தைக் காட்டினால் முனையே விரிசல் விடும். கடைசியாக, இறுக்கிய இணைப்பின் மேல் வாஸ்லைன் பூசுங்கள். காற்றும் ஈரமும் புகாமல் காப்பது அதன் வேலை.

மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். தகடுகள் மூழ்கி, குறியிட்ட மேல்கோடு வரை இருக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது அமிலம் விரிந்து மட்டம் உயரும் என்பதால் முழு சார்ஜுக்குப் பிறகே ஊற்றுவது முறை. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றிவிட்டு சார்ஜ் செய்யலாம். குழாய்த் தண்ணீரும் கூடாது, அமிலமும் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்.

புது வயர் இழுக்கும்போது

கூடுதல் விளக்கு, ஹாரன், ஆம்ப்ளிஃபையர் எதை மாட்டினாலும் இதே கணக்குதான். செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்கான தடை, 0.0175-ஐ வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் கிடைக்கும். அதை நீளத்தாலும் ஆம்பியராலும் பெருக்கினால் இழப்பு.

இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகளை எடுத்துக்கொள்வோம். 110 வாட், 12 வோல்ட், ஏறக்குறைய 9.2 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்பி விளக்குக்கு வர 5 மீட்டர் என்றும், வயர் 1 சதுர மி.மீ. என்றும் கொண்டால் 0.8 வோல்ட் இழப்பு. சுவிட்சிலும் கனெக்டர்களிலும் இன்னும் 0.3 போகும். எஞ்சின் ஓடும்போது 13.5 இருந்தால் விளக்குக்குச் சேர்வது 12.4. எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4 ஆம் அடுக்கில் குறைகிறது. ஆக, எட்டு சதவீத வோல்டேஜ் போனால் வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும். ஹெட்லைட் மங்கல் என்று அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுவது இங்கே நேர் எதிரான வைத்தியம். ஆம்பியர் கூடும், இழப்பும் கூடும், ஹோல்டர் உருகும்.

சரியான வழி ரிலே, அதாவது சிறிய கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச். சுவிட்ச் வழியாக விளக்கின் கரண்டை அனுப்பாமல், ரிலேயின் சுருளுக்குத் தேவையான 0.2 ஆம்பியரை மட்டும் அனுப்புவது. பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராக விளக்குக்குப் போகும். ரிலேயின் கால்களில் எண் பொறித்திருக்கும். 30-க்குப் பேட்டரி பிளஸ், ஃபியூஸ் வழியாக. 87-லிருந்து விளக்கு. 86-க்குப் பழைய சுவிட்ச் வயர். 85-க்கு எர்த். 87ஏ என்று ஒரு கால் இருந்தால் அது சும்மா இருக்கும்போது இணைந்திருப்பது. இந்த வேலைக்கு வேண்டாம், டேப் சுற்றி விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும் என்பதால் பழைய வயரில் எப்போது 12 வோல்ட் வருகிறது என்று முதலில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது 2.5 சதுர மி.மீ. வயர் 2 மீட்டர் போதும். இழப்பு 0.13 வோல்ட்.

ஃபியூஸ் எங்கே வைப்பது என்பதில் பிழை நிறைய நடக்கிறது. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது வர வேண்டும். விளக்கின் அருகே வைத்தால், நடுவழியில் வயர் உரசிப் பாடியில் பட்டால் ஃபியூஸுக்கு விஷயமே தெரியாது; வயர் பற்றி எரியும். அளவு, சுமையைவிடக் கால்பங்கு கூடுதலாகவும் வயர் தாங்கும் அளவுக்குக் குறைவாகவும் இருக்கட்டும். மேலே சொன்ன இரண்டு விளக்குக்கு 15 ஆம்பியர், நீல நிறம். ஹெட்லைட் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போடுவது மேல்; இருட்டில் ஓடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அணையாது. அடிக்கடி போகிறதே என்று 30 பச்சையை மாட்டுவது, தீயை வயருக்குள் அழைப்பது.

வயர் வாங்கும்போது ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் தடை செம்பைப்போல 1.6 மடங்கு, மேலே போட்ட கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி வயரும் வேண்டாம், அதிர்வில் முறியும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாதீர்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகும், ஈரம் புகும், செம்பு பச்சை பிடிக்கும், மறுபடி வோல்டேஜ் இழப்பு. அளவுக்கேற்ற லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) கிரிம்பிங் பிளேயரால் அழுத்தி, கையால் வலுவாக இழுத்துப் பாருங்கள். வராமல் இருந்தால், சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போர்த்துங்கள். சால்டரிங் செய்தால் ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடும், அது முடியும் எல்லையில் அதிர்வில் வயர் ஒடியும். சால்டரிங் செய்தே ஆக வேண்டிய இடத்தில், இணைப்புக்கு இருபுறமும் வயரை அசையாமல் கட்டிவையுங்கள்.

எர்த்துக்குப் பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷரோடு வளைய லக்கை போல்ட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட், ஏர்பேக் தொடர்பான போல்ட் எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றை மீட்டரால்கூடத் தொட வேண்டாம். மைனஸ் கிளாம்ப்பின் மேல் சிறு பெட்டி போல ஒரு சென்சார் இருக்கும் வண்டிகளில், புது எர்த்தை நேராகப் பேட்டரி மைனஸில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். இல்லையென்றால் அந்தச் சென்சார் வழியாகப் போகாத கரண்ட் கணக்கில் விடுபட்டு, சார்ஜ் செய்யும் அளவே தப்பாகும். ஹைபிரிட், மின்வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடவே கூடாது.

நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கினால்

இதற்கும் வோல்டேஜ் இழப்பே கைகொடுக்கும். வண்டியைப் பூட்டி, கணினிகள் உறங்க ஒரு மணி நேரம் விட்டு, மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். ஃபியூஸ்களின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். அவற்றின் நடுவே ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். பூஜ்யம் என்றால் அந்த ஃபியூஸில் கரண்ட் இல்லை. ஏதேனும் ஒன்று மில்லிவோல்ட் காட்டினால் அதன் வழியே கரண்ட் ஓடுகிறது. ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தால் கணினிகள் விழித்துக்கொண்டு குழப்பும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மொத்தமாக 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. அந்த அளவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்தொன்பது நாளில் பாதியாக்கிவிடும். அதைவிட அதிக நாள் வண்டி நிற்கும் என்றால் மைனஸைக் கழற்றிவிடுவதோ, தானாக நிற்கும் சிறிய சார்ஜரைப் போட்டுவைப்பதோ நல்லது.

புது வயரிங் வேலை முடிந்ததும் எல்லா விளக்கையும் பத்து நிமிடம் எரியவிட்டு, ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, கனெக்டர், எர்த் போல்ட் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ரிலே இளஞ்சூடாக இருக்கலாம்; மற்றவை சுடக் கூடாது. எரியும்போதே பேட்டரி பிளஸ்ஸிலிருந்து விளக்கின் பிளஸ் வரையும், விளக்கின் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரையும் இழப்பை அளந்து, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். இரண்டும் சேர்ந்து 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு மாதம் ஓடிய பிறகு மறுபடி அளங்கள். எண் ஏறியிருந்தால், ஏதோ ஓர் இணைப்பு தளர்கிறது.